பாரி போனை வைப்பதில்லை

"இருப்பா தம்பி, கண்ணாடியைத் தேடிக்கிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, பாரி ஸ்டாதர்ஸ் ரிசீவரை ரொட்டிப் பெட்டியின் மேல் படுக்க வைத்தார். கண்ணாடி அவர் மூக்கின் மேல்தான் இருந்தது. கிண்ணத்திலிருந்து ஓர் உருளைக்கிழங்கை எடுத்து, தோல் அறுந்துவிடாமல் சுற்றிச் சுற்றிச் சீவ ஆரம்பித்தார். ரிசீவர் தன்பாட்டுக்குக் கிடந்து கூப்பிட்டது.

"சார்? சார், லைன்ல இருக்கீங்களா? உங்க கம்ப்யூட்டர் பெரிய ஆபத்துல இருக்கு சார். எங்க டெக்னிக்கல் டிபார்ட்மென்ட்ல சிவப்பு விளக்கு எரியுது சார்."

எதிரே உட்கார்ந்திருந்த நான் சிரித்துவிடுவேனோ என்று பாரி கத்தியைக் காட்டி மிரட்டினார். மூன்று கிழங்குகளை முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, நிதானமாக ரிசீவரை எடுத்தார்.

"கெடைச்சிருச்சு தம்பி. ஆனா இது படிக்கிற கண்ணாடி இல்ல, தூரத்தைப் பாக்குற கண்ணாடி. நீ தூரத்திலேருந்துதானே பேசுற, இது போதும்ல?"

"போதும் சார். கம்ப்யூட்டரை ஆன் பண்ணுங்க."

"பண்ணியாச்சு."

"திரையில என்ன தெரியுது சார்?"

பாரி ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். "ஒரு வேலி தெரியுது. வேலி மேல பூனை ஒண்ணு ஒக்காந்திருக்கு."

"அது வால்பேப்பர் சார், அதை விடுங்க. இடது பக்க மூலையில பாருங்க."

"இடது பக்கமா... குப்பைத் தொட்டி இருக்கு."

"ஆங், அதேதான் சார்! அதைத் திறங்க."

"இப்பவா? செவ்வாக்கிழமை வண்டிக்காரன் வந்து எடுத்துட்டுப் போகட்டும்பா, அப்புறம் தொறக்கலாம். நேத்து மீன் சாப்பிட்டோம், நாறும்."

பிறகு அந்தப் பையன், தன் பெயர் கெவின் என்று சொல்லிக்கொண்டவன், பெருமூச்சு விட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான். பாரியின் கம்ப்யூட்டர் தோட்டக் கொட்டகையில் இருக்கிறது. அதன் மேல் இரண்டு பெயின்ட் டப்பாக்களும் ஒரு தூரிகையும் இருக்கின்றன. அது மின்சாரத்தைப் பார்த்து வருடக்கணக்காகிறது.

பாரிக்கு எழுபத்தொன்பது வயது. எங்கள் ஹல் நகரத்தில், ஹல் என்றே பெயர் கொண்ட ஆற்றின் மேல் நிற்கும் தூக்குப் பாலங்களில் ஒன்றை இயக்கி இயக்கியே தலை நரைத்தவர். படகு வந்தால் மணியை அடித்து, குறுக்குக் கட்டையை இறக்கி, சாலையை அப்படியே வானத்தைப் பார்க்கத் தூக்கிவிடுவார். படகு போகிற வரைக்கும் ஊர் நிற்க வேண்டும். இந்த ஊரில் பள்ளிக்கூடத்துக்கோ ஆபீசுக்கோ பிந்தி வருகிறவனிடம் காரணம் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "பாலம் தூக்கிட்டாங்க." பாதிப் பேர் பொய் சொல்வார்கள் என்று பாரிக்குத் தெரியும். எத்தனையோ சோம்பேறிகளின் பாவத்தைத் தான் சுமந்ததாகச் சொல்லுவார்.

"கல்யாணப் பொண்ணு போற காரை நிறுத்தியிருக்கேன், பொணம் போற வண்டிய நிறுத்தியிருக்கேன். ஒருத்தனாவது திட்டாம போனதில்ல. இந்தப் பயலுக மட்டுந்தான் நான் நிறுத்தி வச்சா 'தேங்க் யூ சார்'ங்கிறானுக. மரியாதை தெரிஞ்ச திருடனுக" என்பார்.

அவருக்கும் எனக்கும் வீடு எதிரெதிர். நடுவில் ஒரு பின்சந்து. நான் தூத்துக்குடியில் கப்பல் சங்கு கேட்டு வளர்ந்து, கல்யாணமாகி இந்தத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தவள். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஜெயராணி என்ற என் பெயரைப் பாரி பாதியாக வெட்டி ராணி ஆக்கி வைத்திருக்கிறார். நான் கதவைத் தட்டினால் தொப்பியைக் கழற்றி இடுப்பை வளைத்து, "மகாராணி வந்துட்டாங்க, நாற்காலியத் தொடைங்கடா" என்று வீட்டுக்குள் பார்த்து ஆணையிடுவார். வீட்டுக்குள் யாரும் கிடையாது. அவரே போய்த் துடைப்பார்.

பேசுகிறவன் குரலில் கொஞ்சம் இந்திய வாடை அடித்தால் உடனே ரிசீவரை என் காதில் வைப்பார். "உங்க ஊருப் பயலான்னு பாத்துச் சொல்லு கண்ணு."

"எங்க ஊர்ல நூத்தி நாப்பது கோடிப் பேரு இருக்காங்க. நான் எவனைக் கண்டேன்?"

"சும்மா கேட்டுப் பாரு. சொந்தக்காரனா இருந்தா விட்டுர்றேன்."

அவருடைய பெயரைத் தமிழில் நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. நம்முடைய பாரி முல்லைக் கொடிக்குத் தேரைக் கொடுத்தான். இந்தப் பாரி திருட்டுப் பயல்களுக்குத் தன் பொழுதைக் கொடுக்கிறார். கொடுப்பதில் கணக்குப் பார்ப்பதில்லை. இந்த ஊர்க்காரர்களே போனில் அப்படித்தான். ஒரு காலத்தில் இங்கே உள்ளூரில் எவ்வளவு நேரம் பேசினாலும் ஒரே கட்டணம். அந்தப் பழக்கத்தில் ஊறிய வாய்கள் இன்னும் மூடவில்லை. மார்க்கெட்டில் பார்த்துப் பேசிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து போனில் தொடருவார்கள்.

இந்த அழைப்புகள் பாரிக்கு வருபவை அல்ல. அவனுகள் கேட்பது "மிசஸ் ஸ்டாதர்ஸ்" என்று. தெல்மா ஸ்டாதர்ஸ் பாரியின் மனைவி. மறதி நோய் தொடங்கிய புதிதில், அது நோய் என்று வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ளாத நாட்களில், இப்படி ஒருவன் கூப்பிட்டபோது அவன் சொன்னதையெல்லாம் செய்து, கேட்ட எண்களையெல்லாம் வாசித்துக் கொடுத்திருக்கிறார். வங்கி விழித்துக்கொண்டதால் எதுவும் போகவில்லை. ஆனால் ஏமாறக்கூடிய ஆள் என்று அவர் பெயரும் இந்த வீட்டு எண்ணும் எங்கேயோ பதிவாகிவிட்டன. ஒருவன் விட்டால் இன்னொருவன் கூப்பிடுகிறான். தெல்மா இந்த வீட்டை விட்டுப் போய் வெகுநாளான பிறகும் அவரைத் தேடி வருகிறவர்கள் இவர்கள் மட்டும்தான்.

தெல்மா இப்போது இருப்பது நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில். பாரி தினமும் பஸ்ஸில் வந்து பார்க்கிறார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டு, தலைக்குத் தண்ணீர் தொட்டு வாரி, பெண் பார்க்க வருகிற மாதிரி வருவார். தெல்மா எழுந்து நின்று கைகுலுக்கி, "வாங்க வாங்க. ஒக்காருங்க. எங்க வீட்டுக்காரரு இப்ப வந்துருவாரு" என்பார். பாரி உட்கார்ந்து, "அவசரமில்லம்மா" என்பார். ஒரு மணி நேரம் இருவரும் வானிலை பேசுவார்கள். போகும்போது தெல்மா, "நீங்க நல்ல மனுஷன். அவரு இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு" என்று வழியனுப்புவார்.

ஆனால் போன் என்று வந்தால் கதை வேறு. எங்கள் இல்லத்தின் நடைபாதையில் ஒரு போன் இருக்கிறது. தெல்மாவுக்குத் தன் பிள்ளையின் பெயர் போய்விட்டது, கிழமைகள் போய்விட்டன, காலையில் சாப்பிட்டது போய்விட்டது. வீட்டு எண் மட்டும் விரலில் தங்கியிருக்கிறது. நினைத்தால் நடந்து போய், யாரையும் கேட்காமல், அந்த எண்ணை அழுத்துவார். பாரி எடுத்தால், "ஏங்க, எப்ப வருவீங்க? உருளைக்கிழங்கைச் சீவி வைங்க" என்பார். சமயத்தில் திட்டுவார். பாரிக்கு அந்தத் திட்டுதான் வேண்டும். நேரில் போனால் அவர் விருந்தாளி. போனில்தான் புருஷன்.

அதனால்தான் மகன் எவ்வளவு சொல்லியும் அந்த லைனை அவர் துண்டிக்கவில்லை. எண்ணை மாற்றவும் இல்லை. "திருடன் வர்றான்னு வாசலை அடைச்சா வீட்டுக்காரி எப்படி வருவா?" என்று கேட்டார். திருடனோடு பேசிக்கொண்டிருக்கும்போது இன்னோர் அழைப்பு வந்தால் காதில் டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும். அது வந்தால் போதும், கெவின் என்ன, கெவினுடைய முதலாளியே பேசினாலும் பாரி நறுக்கென்று வெட்டிவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவார். ரிசீவரைக் கீழே படுக்க வைப்பாரே தவிர, அந்த டிக் டிக் கேட்கிற தூரத்தை விட்டு நகரமாட்டார். இதுதான் அவர் தனக்கு வைத்துக்கொண்ட ஒரே சட்டம்.

"ஏன் இந்த வேலை உங்களுக்கு? பேசாம வச்சிட வேண்டியதுதானே" என்று ஒருமுறை கேட்டேன்.

"என்கிட்ட மாட்டியிருக்கிற நேரம் அவன் இன்னொரு தெல்மாகிட்ட இருக்க மாட்டான்ல."

இந்தப் பதிலோடு நான் திருப்தியாக இருந்தேன். பிறகு ஒருநாள் இல்லத்தில் தெல்மாவுக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். கையை உள்ளே விடச் சொன்னேன். தெல்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "எந்தக் கை? இதுவா? இது நேத்தே எடுத்துக்கிட்டதாச்சே" என்றார். முந்தின வாரம்தான் பாரி ஒருவனிடம் அதையே சொல்லிக் கேட்டிருந்தேன். "எந்தப் பொத்தான அமுக்கணும்? இதுவா? இது நேத்தே எடுத்துக்கிட்டதாச்சே." வார்த்தைக்கு வார்த்தை அதே ராகம். நான் வயிறு வலிக்கச் சிரித்திருந்தேன்.

அன்று மாலை பின்சந்தைத் தாண்டிப் போய் நேராகவே கேட்டேன். "அவங்க பேசுறதைத்தான் பேசிக் காட்டுறீங்களா?"

பாரி மறுக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. "பின்ன எனக்கு என்ன கதை எழுதத் தெரியுமா? ரெண்டு வருஷம் இந்த அடுப்படியில அவகிட்ட படிச்ச பாடம். ஒரு மனுஷனை எப்படியெல்லாம் சுத்த விடலாம்னு அவளுக்குத் தெரியாமலே சொல்லிக் கொடுத்திருக்கா" என்றார். அப்புறம் மேசை விரிப்பை நீவிக்கொண்டே இருந்தார். "ஆனா பாரு ராணி, ஒரு விஷயம் மனசைக் குடையுது. இந்தப் பயலுக இருக்கானுகளே, நான் பத்து தடவை ஒண்ணையே கேட்டா பத்து தடவையும் சொல்றான். குரல ஒசத்தறதில்ல. களவாடறதுக்குத்தான், எனக்குத் தெரியாமயில்ல. இருந்தாலும் பொறுமையாச் சொல்றான். நான் மூணாவது தடவையே கத்தினேன். 'எத்தன தடவைடி சொல்றது'ன்னு கத்தினேன். அவ காதைப் பொத்திக்கிட்டு நின்னா, இதோ இங்க. களவாணிக்கு இருக்கிற பொறுமை புருஷனுக்கு இல்லாம போச்சு."

வாங்கி வந்திருந்த பேட்டியைத் தட்டில் வைத்தேன். பேட்டி என்றால் மசித்த உருளைக்கிழங்கில் மூலிகை கலந்து மாவில் தோய்த்துப் பொரிப்பது, நம் போண்டாவுக்கு வெள்ளைக்காரத் தங்கை. அதன் மேல் ஹல் ஊருக்கே உரிய சிவப்பு மசாலாவைத் தூவிக் கொடுத்தால் பாரி எந்தத் துக்கத்திலும் சாப்பிட்டுவிடுவார். அன்றைக்கும் சாப்பிட்டார்.

பெரிய வெள்ளிக்கிழமை அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் அன்று இயேசுவுக்கு அடுத்தபடி ரக்பி. ஆற்றுக்குக் கிழக்கே இருப்பவர்களின் அணி சிவப்பு வெள்ளை, மேற்கே இருப்பவர்களின் அணி கறுப்பு வெள்ளை. இரண்டும் மோதிக்கொள்ளும். பாரி மேற்கு, தெல்மா கிழக்கு. இங்கே கலப்புத் திருமணம் என்றால் இதுதான். தெல்மாவின் அப்பா சாகிறவரை மருமகனைக் "கறுப்பு வெள்ளை" என்றுதான் கூப்பிட்டாராம். ஆட்டத்தன்று பாரி பாலத்தில் வேலையில் இருந்தால், தன் அணி புள்ளி எடுக்கும்போதெல்லாம் தெல்மா பாலத்து அறைக்குப் போன் போட்டு, "பாத்தியா?" என்று ஒரு சொல் சொல்லி வைத்துவிடுவார். மற்ற நாளில் "ஏங்க, வாங்க" எல்லாம் உண்டு, அன்று ஒருநாள் மட்டும் மரியாதை கிடையாது. போன வருஷம்கூட இல்லத்தின் நடைபாதையிலிருந்து அதைச் செய்தார். அதனால் இந்த வருஷமும் அழைப்பு வரும் என்று பாரி பல நாளாக நாக்கில் பதிலைத் தயார் செய்து வைத்திருந்தார்.

அன்று நான் இல்லத்தில் வேலையில் இருந்தேன். கூடத்தில் டீவி ஓடியது. மத்தியானச் சாப்பாட்டு மீன் வாசனை இன்னும் போகவில்லை. சிவப்பு வெள்ளைக்காரன் ஒருவன் கோட்டைத் தாண்டி விழுந்து பந்தை அமுக்கிப் புள்ளி எடுத்ததும் தெல்மா நாற்காலியிலிருந்து எழுந்தார். யாரும் சொல்லவில்லை. நடைபாதைக்குப் போய் எண்ணை அழுத்தினார். நான் பின்னால் நின்றேன். பிஸி என்று கொய்ங் கொய்ங் சத்தம் எனக்கே கேட்டது.

"வாயாடி மனுஷன். எவன்கூடவோ பேசிக்கிட்டிருக்காரு" என்று தெல்மா சிரித்தார்.

மறுபடி அழுத்தினார். அதே சத்தம். கூடத்துக்குப் போனார், திரும்பி வந்தார். அதே சத்தம். நான் என் போனிலிருந்து பாரியின் கைப்பேசிக்குப் போட்டுப் பார்த்தேன். அது அணைத்து அலமாரியில் கிடக்கும் சாமான், எடுக்க யாருமில்லை. தெல்மாவின் முகம் மெல்ல மாறியது. "வேற எவளோடயோ பேசுறான்" என்றார். பிறகு அந்தக் கோபமும் எங்கேயோ நழுவிப் போய்விட்டது. ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "நான் யாருக்குப் போன் பண்ணிக்கிட்டிருக்கேன்?"

நான் சொன்னேன். அவர் மரியாதைக்குத் தலையாட்டினார். ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். ஆட்டத்தைப் பார்க்கவில்லை.

வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் பாரி வீட்டுக்கு ஓடினேன். அடுக்களையில் சுவரில் மாட்டிய போனுக்குக் கீழே, கறுப்பு வெள்ளைச் சால்வை கழுத்தில் கிடக்க, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ரிசீவர் அதன் இடத்தில் ஒழுங்காக மாட்டியிருந்தது. ஆட்டம் கேட்ட ரேடியோ ஓய்ந்திருந்தது.

"அவ கூப்பிடல ராணி" என்றார். "அவ ஆளுக ஜெயிச்சும் கூப்பிடல. முடிஞ்சு போச்சுபோல."

நான் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். வரவேண்டிய ஓசை இல்லை, செத்த மௌனம். "மேல போன் இருக்குல்ல?" என்று கேட்டேன். பாரி எழுந்து ஓடினார். அந்த வயதில் அவர் அப்படிப் படியேறி நான் பார்த்ததில்லை.

படுக்கையறையில், தெல்மா படுக்கும் பக்கத்தில், அதே லைனில் இன்னொரு போன் உண்டு. அதன் ரிசீவர் தலையணைக்கு அடியில் கிடந்தது. காலையில் அலமாரியில் சால்வையைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு கெவின் கூப்பிட்டிருக்கிறான். பாரி வழக்கம்போல, "இரு, கட்டிலுக்கு அடியில நம்பர் எழுதி வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, அவன் கத்தல் காதை அறுக்காமலிருக்க ரிசீவரைத் தலையணைக்கு அடியில் சொருகியிருக்கிறார். அந்த நேரம் பார்த்து வாசலில் கிளப் நண்பர் ஒருவர் வந்து, இன்றைக்கு யார் ஜெயிப்பார் என்று கேட்டிருக்கிறார். இந்த ஊரில் பெரிய வெள்ளியன்று அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு எந்த மனிதனும் உள்ளே வரமாட்டான். வாசலில் நின்று பேசியதில் மேலே கிடந்தது மறந்தே போயிற்று. அப்புறம் அடுக்களைக்கு வந்து, மணி அடிக்க முடியாத போனுக்குப் பக்கத்தில் நாள் முழுக்கக் காவல் இருந்திருக்கிறார்.

தெல்மா எத்தனை தடவை முயன்றார் என்பதை நான் மறைக்கப் பார்த்தேன். அவர் என் முகத்திலேயே படித்துவிட்டார். ரிசீவரை அதன் இடத்தில் வைத்து, கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். "ஊரையெல்லாம் நிறுத்தி வச்சேன். கடைசில அவளையும் நிறுத்திட்டேன்" என்றார்.

அதற்குப் பிறகு தெல்மா அந்த நடைபாதைப் பக்கமே போகவில்லை. நானே ஒருநாள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் போன் முன்னால் நிறுத்தினேன். பொத்தான்களைப் பார்த்தார். ஒன்றைத் தொட்டார். சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டுகிற மாதிரி விரலை உதறிக்கொண்டு, "இது எதுக்கு?" என்றார்.

அன்று மாலை பாரியிடம் மனசு கேட்காமல் சொன்னேன். "நான் நம்பரைப் போட்டு அவங்க கையில குடுக்கட்டுமா? பேசிருவாங்க."

"வேணாம் கண்ணு."

"ஏன்? நம்பர்தான மறந்துச்சு? உங்க குரல் மறக்காதே."

"நீ போட்டுக் குடுத்தா அது நீ கூப்பிட்டது. அவ கூப்பிட்டதா ஆகாது" என்றார். கொஞ்சம் கழித்து, "அவளுக்காத் தோணி அவளா வரணும். இல்லன்னா இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சிரட்டும்" என்றார். பிடிவாதக்காரக் கிழவர். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது.

கெவின்களுக்கு அதோடு வீட்டில் இடமில்லாமல் போயிற்று. மணி அடித்ததும் பாரி எழுந்து நிற்பார், முதல் மணியிலேயே எடுப்பார், "தெல்மா?" என்பார். "சார், நாங்க டெக்னிக்கல்" என்று அவன் தொடங்குவதற்குள், "லைன் வேணும்பா, போயிட்டு வா" என்று வைத்துவிடுவார். திருடனுக்கும் போயிட்டு வா சொல்லாமல் வைக்க அவருக்கு வராது. ஒருநாள் ஒருவன் திரும்பக் கூப்பிட்டு, "சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டானாம். பழைய பையன் போலிருக்கிறது. பாரி அவனிடமும் அதையே சொல்லி வைத்திருக்கிறார். வீட்டில் சிரிப்புச் சத்தம் நின்று போனது. பின்சந்தில் எனக்கே பொழுது போகவில்லை. உருளைக்கிழங்கை அவர் தோலோடு வேகவைக்கத் தொடங்கினார்.

போன வாரம் எனக்கு விடுமுறை. பேட்டி வாங்கிக்கொண்டு மத்தியானம் அவர் வீட்டுப் பின்கதவைத் தள்ளினேன். பாரி சுவருக்குப் பக்கத்தில் ரிசீவரைக் காதில் வைத்து நின்றுகொண்டிருந்தார். பேசவில்லை. அடுப்பு மேடையில் தேநீருக்குக் கெட்டில் போட்டிருந்தார், அது அப்போதுதான் முனக ஆரம்பித்திருந்தது. பழைய விளையாட்டு திரும்பிவிட்டது என்று எனக்கு சந்தோஷம். "எந்த கெவின் மாட்டினான்?" என்று உரக்கக் கேட்டேன்.

அவர் வாயில் விரலை வைத்தார். கண்கள் சிவந்திருந்தன. பேசும் முனையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, மூச்சு விடுகிற சத்தத்தில் சொன்னார். "அவதான்."

"என்ன சொன்னாங்க?"

"நான் ஹலோன்னேன். 'பாரிய கேக்குறீங்களா? இருங்க, எங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வரேன்'னா. நான்தான்டின்னு சொல்றதுக்குள்ள போயிட்டா."

நான் கிட்டே போய்க் காதை வைத்தேன். எங்கள் நடைபாதைதான். மருந்து வண்டியின் சக்கரம் கிறீச்சிட்டுப் போனது. கூடத்து டீவியில் யாரோ கைதட்டினார்கள். தூரத்தில் ஒரு கதவைத் தட்டும் சத்தம், பிறகு இன்னொரு கதவு.

"இல்லத்துக்குப் போன் போடுறேன். யாராவது அவங்களைத் திரும்பக் கூட்டிட்டு வருவாங்க" என்று கைப்பேசியை எடுத்தேன். பாரி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேணாம். என்னைத் தேடிக்கிட்டிருக்கா" என்றார்.

அப்போது கேட்டது. நடைபாதையின் அந்தக் கோடியிலிருந்து, சோற்றுக்குக் கூப்பிடுகிற குரலில், கொஞ்சம் எரிச்சலோடு: "பாரி! ஏங்க! உங்களுக்குப் போன்!"

கெட்டில் இரையத் தொடங்கியது. பாரி ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல், சுருள் வயர் முழுக்க நீளும் மட்டும் உடம்பைச் சாய்த்து, கையை எட்டி அதை அணைத்தார்.